மூட்டுவலியும் இரத்தச் சீட்டும்



பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் விரல் மடங்கவில்லை, கத்தி பிடிக்க முடியவில்லை என்பவர்கள் நம்மில் உண்டு. "எல்லாம் வாதம்தான்" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நிரைக்குப் போய்விடுகிறார்கள். இது கூடவே கூடாது என்பதே என் கருத்து.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கை மூட்டுகளும் வீங்கி, ஆறு வாரமாகியும் தீராவிட்டால் அது வெறும் உழைப்பு வலியல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். இந்த நோயின் அழற்சி மூட்டோடு நிற்காது, இரத்தத்தையும் கெடுக்கும். கோப்பையில் பால் கட்டுவதுபோல் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் இவர்களுக்கு அதிகம்.

கட்டிய இரத்தத்தை உடலே கரைக்கப் பார்க்கும். அப்படிக் கரையும்போது இரத்தத்தில் கலக்கும் துணுக்குதான் 'டி-டைமர்'. பெரிய ஆஸ்பத்திரியில் இதை அளந்து பார்ப்பார்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். டி-டைமர் கூடினால் கட்டி இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. மூட்டு அழற்சி கடுமையாக இருந்தாலே அது கூடும். கர்ப்பம், காயம், ஆபரேஷன், முதுமை இவற்றாலும் கூடும். கட்டி உண்டா இல்லையா என்று காட்டுவது ஸ்கேன்தான். டாக்டர் பரிசோதித்துச் சந்தேகம் குறைவு என்று சொல்லி, டி-டைமரும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆகவே சீட்டிலுள்ள ஒரு எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். "இதற்கு என்ன அர்த்தம், டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் நீவிவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் எந்தச் சீட்டுக்கும் காத்திராமல் 999ஐக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு கலந்த ஜாமு மருந்துகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. வலி சட்டென்று பறந்தால் சந்தேகப்படுங்கள்.

"ஒருநாள் சம்பளம் போய்விடுமே" என்று தயங்குகிறீர்களா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. குறைந்த காலம் வேலை செய்தவருக்கும் 14 அல்லது 18 நாள் உண்டு. டாக்டர் தரும் எம்.சி.யைப் பத்திரமாகக் கொடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வேண்டுமென்று எங்களிடம் கேளுங்கள். எழுதித் தருவது எங்கள் கடமை, தயவல்ல.

கை முடங்கினால் குடும்பமே முடங்கும். முடங்குமுன் வாருங்கள்!