ஆட்டுக்குக் கூடக் கிடை உண்டு!

கார்த்திகை முதல் தேதி தொடங்கி தை முதல் தேதி வரை திண்டுக்கல் - குமுளி சாலைக்கு இரவு என்பதே கிடையாது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் சபரிமலை வண்டிகள் தேனி, கம்பம் வழியாக விடிய விடியப் போய்க்கொண்டே இருக்கும்.

நள்ளிரவு தாண்டியதும் வீரபாண்டியில் தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெட்ரோல் பங்க் ஓரம், புளியமரத்தடி, பூட்டிய கடை வாசல் என்று கிடைத்த இடத்தில் வேனை நிறுத்தி, பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்துச் சாமிகள் படுத்திருப்பார்கள். இருமுடி வண்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆள்தான் ரோட்டில்!

வெளிநாட்டில் இதற்கு ஒரு பெயர் உண்டு. தண்ணீர், கரண்டு, கழிப்பறை எதுவும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி ராத்தங்குவதை 'டிரை கேம்பிங்' என்பார்கள். கனடாவிலிருந்து அலாஸ்காவுக்கு 1942ல் போடப்பட்ட நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு இப்படித் தங்குகிறார்கள். அங்கே அது விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் அது வேறு வழி இல்லாதவனின் கதி.

இது பக்தர்களின் பிரச்சினை மட்டுமா? இல்லை. கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிப்போகும் லாரி டிரைவருக்கு வருஷம் முழுவதும் இதே கதிதான். 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. ஓய்வெடு என்று சொன்ன சட்டம், எங்கே ஓய்வெடுப்பது என்று சொல்லவில்லையே!

முன்னோர்கள் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்கவில்லை, சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் அதற்குச் சாட்சி. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வீடு கட்டினால் வழிப்போக்கன் படுக்கத் திண்ணை வைத்தார்கள். நடந்து போனவனுக்கே இத்தனை ஏற்பாடு!

இன்றைக்கு என்ன நடக்கிறது? சாலை அகலமாகிறது, ஓரத்துப் புளியமரம் போகிறது. ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை வருகிறது, டீக்கடை வெளிச்சம் போகிறது. சுங்கச்சாவடி வருகிறது, சட்டைப்பையில் இருந்த காசும் போகிறது. நாடு முழுக்க 30 முதல் 50 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் 600க்கும் மேற்பட்ட இடங்களில் வழியோர வசதிகள் செய்யப்போவதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021ல் அறிவித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் சாலையோரம் படுத்திருக்கும் சாமியிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்!

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் சில உண்டு.

"லாட்ஜில் ரூம் போட வேண்டியதுதானே?" ஒரு வேனில் 20 பேர். அவர்களுக்குத் தேவை நாலு மணி நேரத் தூக்கம். அதற்காக ஐந்தாறு ரூம் எடுக்கும் அளவுக்கு வசதி இருந்தால் ஏன் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்?

"விரதம் என்றால் கஷ்டப்படத்தான் வேண்டும்." கல்லும் முள்ளும் காலுக்கு மெத்தை என்பது சரி. லாரி டயருக்குத் தலை கொடுப்பது எந்த விரதத்தில் வருகிறது? சாமிக்கு விரதம், வண்டி ஓட்டும் டிரைவருக்குமா?

"இடம் கொடுத்தால் அசிங்கம் செய்துவிடுவார்கள்." இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? கழிப்பறை இல்லாததால் வாய்க்கால் கரையும் முல்லையாற்றுக் கரையும்தான் கழிப்பறை. ஐந்து மாவட்டங்களுக்குப் போகும் பெரியாற்றுத் தண்ணீர் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. கூட வரும் வயதான பெண்களும் சிறுமிகளும் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

"அப்படியானால் காட்டோரம் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளட்டும்." இதுதான் ஆபத்தான பேச்சு. இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி மலையும் காடும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்து வந்தது. இப்படிப்பட்ட பூமியில் கண்ட இடத்தில் படுக்கச் சொல்லக் கூடாது. அதனால்தான் குறித்த இடம் வேண்டும்.

உயிர்க் கணக்குக்கு வருவோம். 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வீடு அதே தேனி மாவட்டத்தில்! அந்த விபத்து எதனால் என்பது விசாரணையில் சொல்ல வேண்டியது. ஆனால் ராத்திரி முழுக்க ஓட்டியவனுக்குப் பின்னிரவில் கண் சொக்கும் என்பதற்கு விசாரணை தேவையில்லை. பம்பைக்குக் குமுளியிலிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் தூங்க ஓர் இடம் இருந்தால் எத்தனை டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள்!

மலைக்கு அந்தப் பக்கம் இதற்கு 'இடத்தாவளம்' என்று ஒரு பெயரே இருக்கிறது. சபரிமலைப் பக்தர்கள் தங்கிப் போவதற்கென்று குறிக்கப்பட்ட கோயில்கள் அவை. வழியோரக் கழிப்பறைக்கென்றே 'டேக் எ பிரேக்' என்று ஒரு திட்டத்தைக் கேரள அரசு 2021ல் தொடங்கியது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பயணி தூங்குவான், அவனுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதையாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

கேட்பது மாளிகை இல்லை. தேனியை ஒட்டி ஒன்று, சின்னமனூர் - உத்தமபாளையம் நடுவில் ஒன்று, லோயர் கேம்ப்பில் மலை ஏறுவதற்கு முன்னால் ஒன்று. சமதளமாகக் கொஞ்சம் நிலம், குழாய், விளக்கு, ஆண் பெண் இருவருக்கும் கழிப்பறை, குப்பைத் தொட்டி, ஒரு காவலாள். லாரிக்குத் தனி வரிசை. இங்கே தங்கலாம் என்று தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் பெரிய பலகை. சீசன் இல்லாத மாதங்களில் லாரிகள் போக மிச்ச இடத்தில் விவசாயிகள் நெல் காயப்போடட்டும். இப்போது அதையும் ரோட்டில்தானே காயப்போடுகிறார்கள்? பத்து ரூபாய் கட்டணம் என்றாலும் வருகிறவர்கள் கொடுப்பார்கள். இடம் கிடைத்த பிறகு குப்பையைக் கண்ட இடத்தில் போடாமல் இருப்பது அவர்கள் பொறுப்பு. அதைக் கேட்கும் உரிமையும் அப்போதுதான் ஊருக்கு வரும்.

அறுப்பு முடிந்த வயலில் கீதாரி ராத்திரிக்குக் கிடை போடுவார். நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, இடம் பார்த்து, பட்டி கட்டி, காவலுக்கு ஆள் வைத்துத்தான் ஆட்டை அடைப்பார். ஆடு எங்கே தூங்கும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் பொழுது சாய்வதற்குள் யோசித்துவிடுகிறார்.

ஆள் எங்கே தூங்குவான் என்பதை யார் யோசிப்பது?