ஒரே இரவில் சாய்ந்த காடு: ஸ்வீடனின் ‘குட்ரூன்’ புயலுக்குப் பிறகு மாறியது என்ன, மாறாதது என்ன?

2005 ஜனவரி 8, சனிக்கிழமை மாலை. அட்லாண்டிக் பக்கமிருந்து கிளம்பிய குளிர்காலப் புயல் ஒன்று பிரிட்டன், டென்மார்க் வழியாகத் தெற்கு ஸ்வீடனுக்குள் நுழைந்தது. ஜெர்மனியில் அதற்கு ‘எர்வின்’ என்று பெயர். ஸ்வீடனில் ‘குட்ரூன்’. மறுநாள் பொழுது விடிந்தபோது ஸ்மோலாந்து வட்டாரத்தில் காடு இருந்த பல இடங்கள் வெட்டவெளியாகக் கிடந்தன.

விழுந்த மரத்தின் அளவு சுமார் 7.5 கோடி கன மீட்டர். நாடு முழுக்க ஒரு வருடத்தில் வெட்டப்படும் மரத்துக்கு ஏறக்குறைய சமம் இது. ஒரு டிரெய்லர் லாரிக்கு 40 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட 18 லட்சம் லோடுக்கு மேல் வரும்.

இருபது வருடத்துக்கு முந்தைய புயலை இப்போது ஏன் பேச வேண்டும்? அந்தப் பேரிடரிலிருந்து ஸ்வீடன் ஒரு பாடத்தை முழுசாகக் கற்றுக்கொண்டது, இன்னொன்றைப் பாதியில் விட்டுவிட்டது. காடு உள்ள எந்த நாட்டுக்கும் இந்த இரண்டுமே முக்கியம்.

காற்று மட்டும்தான் காரணமா?

காற்று பலமாகத்தான் அடித்தது. கடலோரத்தில் உள்ள ஹானோ தீவில் விநாடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கி.மீ. வேகம் பதிவானது. உள்நாட்டில், யுங்பி ஊரில் விநாடிக்கு 33 மீட்டர்.

ஆனால் காற்று எல்லா மரங்களையும் ஒரே மாதிரி சாய்க்கவில்லை. விழுந்தவற்றில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ் எனப்படும் ஊசியிலை மரங்கள். இதன் வேர் ஆழமாகப் போவதில்லை, தட்டு போலப் பக்கவாட்டில் பரவும். பிர்ச், ஓக் போன்ற மரங்கள் குளிர்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதால் காற்று கிளைகளுக்கு இடையே புகுந்து போய்விடும். ஸ்ப்ரூஸ் குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். அந்த அடர்த்தி மொத்தமும் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி.

அடுத்த காரணம், மண். ஜனவரியில் நிலம் உறைந்து கல் மாதிரி இருந்தால் வேருக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். அந்த வருடம் குளிர் குறைவு. மண் உறையாமல், மழையில் ஊறிக் கிடந்தது. உயரமான மரம், மேலோட்டமான வேர், நெகிழ்ந்த மண். காற்றின் வேலை சுலபமாகிவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வி வருகிறது. அங்கே இவ்வளவு ஸ்ப்ரூஸ் எப்படி வந்தது? ஸ்மோலாந்தில் முன்பு கலப்புக் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைய இருந்தன. 20-ம் நூற்றாண்டில் அவற்றில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ் தோட்டங்களாக மாறியது. விவசாயம் கைவிடப்பட்ட நிலத்திலும் அதையே நட்டார்கள். வேகமாக வளரும், நேராக நிற்கும், மரமில்லும் காகித ஆலையும் கேட்பது அதைத்தான். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக எடுத்தது நியாயமான முடிவுதான். எல்லோரும் ஒரே முடிவை எடுத்ததில் ஒரு வட்டாரமே ஒரே மரத்தை நம்பி நின்றது.

புயல் ஓய்ந்த பிறகுதான் ஆரம்பம்

சுமார் 7.3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. காட்டுக்கு நடுவே போன மின்கம்பிகள் மீது மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. சாலையும் அடைபட்டிருந்ததால் பழுது பார்ப்பவர்கள் போகவே வழியில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, பல வீடுகளில் தண்ணீர் மோட்டாரும் ஓடவில்லை. வீட்டைச் சூடாக்க வழியில்லாத ஜனவரி மாதம் அது. சில இடங்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

புயலின்போது ஸ்வீடனில் 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, விழுந்த மரங்களை அகற்றும் வேலையில் இறந்தவர்கள் அதைவிட அதிகம்.

ஏன் அப்படி? ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மரங்கள் வளைந்து, இறுக்கிய வில் மாதிரி விசையோடு கிடக்கும். தப்பான இடத்தில் ரம்பத்தை வைத்தால் தண்டு சடாரென்று திரும்பி அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், டன் கணக்கில் எடையுள்ள வேர்த்தட்டு நிமிரவோ புரளவோ கூடும். பெரிய அறுவடை இயந்திரத்தின் கேபினுக்குள் உட்கார்ந்து செய்தால் ஆபத்து குறைவு. கையில் மோட்டார் ரம்பத்தோடு தனியாகப் போவதில்தான் ஆபத்து அதிகம். ஆனால் இயந்திரங்கள் போதவில்லை. வேறு நாடுகளிலிருந்தும் ஆட்களும் இயந்திரங்களும் வரவேண்டியிருந்தது.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. வெயில் காலம் வந்தால் விழுந்த ஸ்ப்ரூஸில் மரப்பட்டை வண்டு முட்டையிடும். அங்கே பெருகும் வண்டுகள் அடுத்து நிற்கும் மரங்களுக்குப் பரவும். அதனால் வண்டு வருவதற்குள் மரத்தை வெளியே எடுத்தாக வேண்டும். எடுத்தாலும் எங்கே வைப்பது? பீஹோல்மா என்ற இடத்தில் பழைய விமான ஓடுபாதை ஒன்றின் மீது கிட்டத்தட்ட 10 லட்சம் கன மீட்டர் மரத்தை அடுக்கினார்கள். வண்டும் பூஞ்சையும் அண்டாமல், காய்ந்து வெடிக்காமல் இருக்க, அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உலகிலேயே பெரிய மரக்கிடங்கு என்று அது பேசப்பட்டது.

அப்படியும் வண்டு வந்தது. அடுத்த சில வருடங்களில் லட்சக்கணக்கான கன மீட்டர் ஸ்ப்ரூஸ் நின்றபடியே காய்ந்து செத்தது. 2007 ஜனவரியில் ‘பெர்’ புயல் வந்து இன்னும் ஒரு கோடி கன மீட்டருக்கு மேல் சாய்த்தது. முதல் புயலில் காடு திறந்துபோன இடங்களில், புது ஓரமாக நின்ற மரங்களுக்குக் காற்று பழக்கமில்லை.

கற்றுக்கொண்ட பாடம்

மின்சார விஷயத்தில் அரசு கறாராக நடந்துகொண்டது. 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2006-ல் சட்டம் வந்தது. குறைந்தபட்சம், அவர் அந்த வலையமைப்புக்கு வருடத்துக்குக் கட்டும் தொகையில் 12.5%. நேரம் கூடக்கூடத் தொகையும் கூடும். 2011 முதல், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் மின்தடை இருக்கவே கூடாது என்றும் விதி வந்தது.

விளைவு? காட்டுக்கு நடுவே வெறும் கம்பியாகத் தொங்கிய லைன்களை நிறுவனங்கள் வேகவேகமாக நிலத்தடி கேபிளாக மாற்றின. தாமதத்துக்கு விலை வைத்ததும் வேலை நடந்தது. அவ்வளவுதான் சூத்திரம்.

பாதியில் விட்ட பாடம்

காட்டு விஷயத்தில் கதை வேறு. ஸ்வீடனின் உற்பத்திக் காடுகளில் ஏறக்குறைய பாதி தனிநபர்களின் சொத்து. பலருக்கு அது தாத்தா காலத்து நிலம், ஓய்வுக்காலச் சேமிப்பும் அதுதான். ஒரே இரவில் அந்தச் சேமிப்பு தரையில் விழுந்தது, மர விலையும் இறங்கியது. அரசு வரிச்சலுகை தந்தது, மறுநடவுக்கு மானியம் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேரிடர் நிதியிலிருந்து 8 கோடி யூரோவுக்கு மேல் வந்தது. உதவி தேவைதான், அதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

எதை நடுவது என்பதை மட்டும் உரிமையாளரிடமே விட்டுவிட்டார்கள். இலையுதிர் மரங்களுக்குக் கூடுதல் மானியம் இருந்தும், பெரும்பாலான இடங்களில் மறுபடியும் ஸ்ப்ரூஸே நடப்பட்டது.

அப்போ தப்பு காட்டுக்காரர்கள் மேலா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பைன், ஓக், பிர்ச் கன்று நட்டால் மூஸ் மானும் மற்ற மான்களும் வந்து மேய்ந்துவிடும். ஸ்ப்ரூஸை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. வேலி போட்டால் செலவு, அதுவும் வருமானம் நின்றுபோன நேரத்தில். மரமில்கள் ஸ்ப்ரூஸுக்கு ஏற்ற மாதிரியே அமைந்திருக்கின்றன. வேறு மரம் நட்டால் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லை. கையில் பணமில்லாதவர், தெரிந்ததையே செய்வார்.

அதனால்தான் ‘அவரவர் விருப்பம்’ என்று விட்டது போதாது. 1993-ம் ஆண்டின் வனச் சட்டம் உரிமையாளருக்குச் சுதந்திரமும் கூடவே பொறுப்பும் தருகிறது. ஆனால் காடு விழுந்தால் பாதிப்பு அவர் வேலியோடு நிற்பதில்லை. வண்டு பக்கத்து நிலத்துக்குப் போகும், சாலை அடைபடும், செலவில் ஒரு பங்கை வரி கட்டுகிறவர்கள் தருவார்கள். பொதுப் பணம் வாங்கும்போது, நிலத்தில் ஒரு பகுதியாவது கலப்பு மரமாக இருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம் ஆகாது. ஆனால் அப்படிக் கேட்கும் அரசு வேலிச் செலவில் பங்கெடுக்க வேண்டும், மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், இலையுதிர் மரத்துக்குச் சந்தையும் உருவாக்க வேண்டும். மின் நிறுவனங்களிடம் காட்டிய கறார் இங்கே கைகொடுக்காது, கறாரோடு கைத்தாங்கலும் வேண்டும்.

இனி?

புயல்களின் வேகம் கூடுமா என்பதில் விஞ்ஞானிகளிடம் ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் பூமி சூடாகும்போது தெற்கு ஸ்வீடனில் மண் உறைந்திருக்கும் நாட்கள் குறையும். அதாவது, அதே வேகக் காற்று இன்னும் அதிக மரத்தைச் சாய்க்கும். கோடையும் வறண்டால் வண்டுக்குக் கொண்டாட்டம். 2018 வறட்சிக்குப் பிறகு, குட்ரூன் காலத்தைவிடப் பெரிய வண்டுத் தாக்குதலை அந்த நாடு பார்த்துவிட்டது.

ஸ்ப்ரூஸ் உயரமாக வளர வளரக் காற்றில் விழும் வாய்ப்பும் கூடும். 2006-ல் நட்ட கன்றுக்கு 2050-ல் 44 வயது. அதற்குள் காட்டை இடையிடையே கலக்கலாம், சில இடங்களில் முன்கூட்டியே வெட்டலாம், ஓரங்களில் காற்றைத் தாங்கும் மரங்களை விடலாம். மின்கம்பியை மண்ணுக்குள் புதைக்கச் சில வருடங்கள் போதுமாக இருந்தது. காட்டை மாற்ற ஒரு தலைமுறை ஆகும். அதனால் அடுத்த புயல் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.