எத்தனை புலிகள்?

இந்தியக் காடுகளில் எத்தனை புலிகள் என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் 3,682 என்று சட்டெனச் சொல்லிவிடுவார். 2022 கணக்கெடுப்பின் விடை அது. ஆனால் கணக்கெடுத்தவர்கள் சொன்னது வேறு: குறைந்தது 3,167, கூடினால் 3,925, சராசரி 3,682. செய்தியாகி நம்மை எட்டுவதற்குள் இரு எல்லைகளும் உதிர்ந்துபோயின. அவற்றில்தான் அந்த உழைப்பின் நேர்மையே இருக்கிறது.

முன்பு காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணினார்கள். 1960களில் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறை அது. ஒரே கால், ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் பதியும். ஒரு புலி இரண்டாகிவிடலாம். அதைவிடப் பெரிய குறை, கணக்கு எவ்வளவு பிசகியிருக்கும் என்று அந்த முறையால் சொல்லவே முடியாது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2004இல் பதினாறு புலிகளுக்குக் குறையாமல் இருப்பதாகக் கணக்கு இருந்தது. 2005இல் தேடிப் போனபோது ஒன்றுகூட இல்லை. வேட்டைக் கும்பல்கள் கொன்று தீர்த்திருந்தன. ஏட்டில் மட்டும் புலிகள் உயிரோடு இருந்தன.

இன்றைய முறைக்கு வழிகாட்டியவர் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகர்ஹோளே காட்டில் தானியங்கி கேமராக்களை வைத்தார். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் விழும் இருபதில் பத்து ஏற்கெனவே பார்த்தவை என்றால், காட்டில் சுமார் 40 இருக்கலாம். பார்க்காத புலிகளையும் கணக்கில் சேர்க்கும் அருமையான வழி இது. ஆனால் எல்லாப் புலிகளும் ஒரே மாதிரி கேமராவில் சிக்கும் என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. கேமரா இல்லாத காடுகளுக்குத் தடயங்களையும் இரை விலங்குகளையும் வைத்து மேலும் அனுமானிக்க வேண்டியிருக்கிறது. 2022இல் படத்தில் தனித்தனியாக அடையாளம் கண்டவை 3,080. மீதி மதிப்பீடு.

2018இன் சராசரி 2,967. அதைக் கழித்து, நான்கு ஆண்டுகளில் 715 புலிகள் கூடிவிட்டன என்று மகிழ்கிறோம். ஆனால் 2018இன் மேல் எல்லை 3,346. 2022இன் கீழ் எல்லையோ அதைவிடக் குறைவு, 3,167தான். புலிகள் பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை என்று துல்லியமாகச் சொல்ல இந்தக் கணக்கு இடம்தரவில்லை.

இது ஆய்வாளர்களின் தோல்வி அல்ல. தங்களுக்குத் தெரிந்தது எதுவரை என்பதையும் சேர்த்தே அவர்கள் சொல்கிறார்கள். அதை வெட்டிவிட்டு ஒற்றை எண்ணைக் கொண்டாடுவது நாம்தான். அடுத்த கணக்கு வரும்போது பத்திரிகைகள் இரு எல்லைகளையும் தலைப்பிலேயே போடட்டும். வனத்துறை கீழ் எல்லையை நம்பித் திட்டமிடட்டும். புலிகள் அதைவிட அதிகமாக இருந்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. இல்லாத புலிகளை இருப்பதாக நம்பியதன் விலை என்னவென்று சரிஸ்காவில் பார்த்துவிட்டோம்.