சுருக்கினால் குறையுமா?

சாந்தோம் பேராலயத் திருமணப் படங்களையும், தியாகராய நகர் நிழற்பட நிலையங்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களையும் இன்று கணிப்பொறியில் சேர்த்து வைக்கின்றோம். இடம் போதாதபோது கோப்புகளைச் சுருக்குகின்றோம். சுருக்கம் இருவகைப்படும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

1989-இல் ஃபில் காட்ஸ் அமைத்த 'ஜிப்' முறை, திரும்பத் திரும்ப வருவனவற்றை ஒருமுறை மட்டும் குறித்துக்கொள்கிறது. விரித்தால் ஓர் எழுத்தும் குறையாது. 1992-இல் தரமுறையாக ஏற்கப்பெற்ற 'ஜேபெக்' முறையோ, கண் எளிதில் உணராத நுண்விவரங்களை நீக்கிவிடுகிறது, நீங்கியவை மீளா. திருத்தித் திருத்திச் சேமித்தால் இழப்பும் பெருகும். அத்தகைய படத்தை 'ஜிப்'பில் இட்டாலும் அளவு பெரிதும் குறையாது.

திரையமைப்பின் இயல்பு வேறு. ஒளியைக் கூட்டினாலும் எழுத்தைப் பெரிதாக்கினாலும் கோப்பு மாறுவதில்லை. மூத்தோர்க்கு எழுத்துச் சிறிதாகத் தோன்றினால், 'ரெசல்யூஷன்' என்னும் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டா; எழுத்து மங்கும். 'ஸ்கேல்' அளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்தினால் போதும்.

ஆகவே, மூலப்படத்தைத் தொடாமல் இரண்டிடங்களில் காப்போம். அதன் படியைச் சுருக்கி உறவினர்க்கு அனுப்புவோம். பாட்டனார் முகத்தைப் பேரப்பிள்ளைகளும் தெளிவுறக் காணவேண்டுமன்றோ?