பாஸ்வேர்ட் சரி, ஆனா மெயில் வரேல்ல

அலுவலக மெயில் திறக்காவிட்டால் எங்கட ஒஃபிஸ்களில் வழமையாக நடப்பது ஒன்றுதான். ஆக வயது குறைந்தவரைக் கூப்பிட்டு, "தம்பி, இதை ஒருக்காப் பாரும்" என்பார்கள். கூடவே பாஸ்வேர்ட் துண்டுக் கடதாசியிலோ வட்ஸ்அப்பிலோ வரும். தம்பியோ தங்கச்சியோ அக்கவுண்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்பினம். சரிவராவிட்டால், "இப்போதைக்கு என்ர ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கோ" என்பதோடு விசயம் முடியும். அந்த 'இப்போதைக்கு' வருசக்கணக்கில் நீளும்.

இந்தப் பழக்கத்தை விடவேணும் என்பதுதான் எங்கள் கருத்து. 'சேர்வருடன் இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வரிக்குப் பின்னால் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. ஒழுங்காகப் பார்க்கும் பொறுமை போதும்.

முதலில் அதே கொம்பியூட்டரில் பிரவுசரைத் திறந்து, வெப்மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே மெயில் திறந்தால் அக்கவுண்டும் பாஸ்வேர்ட்டும் சரி, பிழை செயலியின் பக்கம். அங்கேயும் திறக்காவிட்டால் பாஸ்வேர்ட், சேர்வர், டொமைன் என்று தேட வேண்டும். அடுத்தது, ஒஃபிஸ் வைஃபையை விட்டுப் போன் டேட்டாவில் முயற்சி செய்யுங்கள். அதில் வேலை செய்தால் குற்றம் ஒஃபிஸ் நெற்வேர்க்கில்.

மெயில் வருகுது, ஆனால் போகேல்ல என்றால் அதுவும் ஒரு தடயம்தான். வருவதற்கு ஐமாப் அல்லது பொப், போவதற்கு எஸ்எம்டிபி என்று வழிகள் இரண்டு. பாதுகாப்பான ஐமாப்புக்கு வழமையாக 993, அனுப்புவதற்கு 587 அல்லது 465. பழைய 25ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் ஸ்பாம் காரணமாக மறித்து வைத்திருக்கின்றன. அவசரத்தில் ஐமாப்பை பொப்பாக மாற்றிப் பார்க்க வேண்டாம். பொப் பல இடங்களில் மெயிலை இறக்கிய பிறகு சேர்வரிலிருந்து அழித்துவிடும். முன்னரே பொப்பில் ஓடிய அக்கவுண்டை அழித்தால், அந்தக் கொம்பியூட்டரில் மட்டும் இருந்த பழைய கடிதங்களும் சேர்ந்து போகலாம்.

பழைய மெஷின் என்றால் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கிற சின்ன பட்டரி செத்து, திகதி பல வருசம் பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லும். இன்னொன்று: 2022 ஒக்டோபரிலிருந்து மைக்ரோசொஃப்ட் தனது எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில் வெறும் பெயரும் பாஸ்வேர்ட்டும் கொடுத்து இணையும் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. அதனால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் பழைய அவுட்லுக் திரும்பத் திரும்ப அதையே கேட்கும். நூறு தரம் அடித்தாலும் பலனில்லை.

இவையெல்லாம் அரை மணித்தியால வேலை. எங்களைப் பயமுறுத்துவது வேறொன்று. பல சங்கங்கள், சிறு நிறுவனங்களில் டொமைன் யாருடைய பெயரில் இருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியாது. அதைப் பதிந்த பெடியன் வெளிநாடு போயிருப்பான். புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவித்தல் அவன் பாவிக்காத மெயிலுக்குப் போகும். ஒருநாள் காலமை எல்லாருக்கும் ஒரேயடியாக மெயில் நிற்கும். திட்ட அறிக்கைகள், சம்பளக் கடிதங்கள், காணி சம்பந்தமான கடிதப் போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான்.

அரசாங்கத்துக்கே இது நடந்தது. 2023இல் இலங்கை அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியபோது, ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவை இழந்தன. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். அந்த மாதங்களுக்குக் காப்புப்பிரதியும் இல்லை.

தனி ஜிமெயிலுக்கு மாறுவதும் தீர்வாகாது. வேலையை விட்டுப் போகும்போது அந்த ஆள் நிறுவனத்தின் ஞாபகத்தையும் சேர்த்துக் கொண்டு போகிறார். பாஸ்வேர்ட்டை நாலு பேர் பாவித்தால், நாளைக்கு ஒரு பிழையான மெயில் போனால் யாரைக் கேட்பது? பழி விழுவது கடைசியாகத் தொட்ட தம்பி மேலேதான்.

ஆகவே, அடுத்த முறை "ஒருக்காப் பாரும்" என்று கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட்டை வாங்க வேண்டாம், அவரையே அடிக்கச் சொல்லுங்கள். பிழைச் செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். முடிந்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: டொமைன் ஆருடைய பெயரில் இருக்கு? எப்ப முடியுது? காப்புப்பிரதி எங்க? பதிலை ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு எழும்புங்கள்.