கம்புக்கு முன் காலடி

 

இரண்டு மாதங்களுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை தம் 12 வயது மகனுடன் என்னைக் காண வந்தார். பட்டாசு ஆலைத் தொழிலாளி. "ஹஜ்ரத், ஆறு மாதமாகச் சிலம்பம் பழகுகிறான். இன்னும் அதே காலடிதான். பின்னால் சேர்ந்த இவன் தம்பி இரு கையாலும் கம்பு சுற்றுகிறான். இவனை நிறுத்திவிடட்டுமா?" என்றார். மகன் தலை கவிழ்ந்து நின்றான்.

அத்தந்தையைக் குறை கூறுவதற்கில்லை. சிவகாசி வட்டாரத்தில் பலர் செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர்கள். மாலையில் எண்ணினால் அன்றைய உழைப்பு கண்முன் நிற்கும். மேலும், விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு அரசு வேலை ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேரும் எனத் தமிழக அரசு 2021இல் அறிவித்த பின், பெற்றோர் பதக்கத்தையும் சான்றிதழையும் விரைந்து எதிர்பார்க்கின்றனர்.

ஆனால் சிலம்பத்தின் அடித்தளம் காலில் இருக்கிறது. முன்வைத்து, பின்வாங்கி, பக்கம் திரும்பி, எந்நிலையிலும் தடுமாறாது நிற்கப் பழகிய பின்னரே, நெற்றி உயரக் கம்பு உடலைச் சுற்றித் தடையின்றி ஓடும். கால் பழகாதவன் சுற்றும் கம்பும் பார்வைக்கு அழகாகவே இருக்கும். எதிரே ஒருவர் நின்று வீசும்போதுதான் அவன் நிலை குலைவான்.

அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்னும் இருவர், தந்திச் செய்தியைக் காதால் கேட்டு எழுதக் கற்போரை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் வெளியிட்டனர். தொடக்கத்தில் ஏறிய வேகம், பின் வாரக்கணக்கில் அசையாது நின்றது; அதன்பின் மீண்டும் உயர்ந்தது. தனித்தனி எழுத்துகளைக் கேட்ட செவி, முழுச் சொற்களைக் கேட்கப் பழகிய காலமே அந்தத் தேக்கம் என்றனர். எல்லோர்க்கும் இத்தேக்கம் நேர்வதில்லை எனப் பின்வந்த ஆய்வாளர் மறுத்ததும் உண்டு. எனினும் மதரஸாவில் நான் இதைக் காண்கிறேன். 'ஐன்' எழுத்தின் உச்சரிப்பில் பல வாரம் திணறிய பிள்ளை, ஒரு காலை தடையின்றி ஓதிச் செல்லும்.

அச்சிறுவனிடம் 40 நாள் கேட்டேன். நாள்தோறும் அரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் கம்பின்றிக் காலடி மட்டும், மெதுவாக. அடுத்து, பழக்கமில்லாத இடக்கையில் கம்பு. மணிக்கட்டு வலித்தால் அன்று ஓய்வு. இரவில் போதிய உறக்கம். பகலில் பழகிய அசைவு உறக்கத்திலும் உறுதிப்படுகிறது என்பது இன்றைய ஆய்வுகள் கூறும் செய்தி. அன்று திருத்திக்கொண்ட பிழை ஒன்றை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். தந்தையிடமும் ஒன்று வேண்டினேன்: அந்த 40 நாளும் தம்பியின் பேச்சை எடுக்கலாகாது.

கெடு முடிந்ததும் நோட்டுடன் வந்தான். தம்பியை அவன் இன்னும் எட்டவில்லை. ஆயினும் என் முன் நான்கு திசையும் திரும்பினான். ஒருமுறையும் கால் பிசகவில்லை. அவன் அத்தா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அவன் வயதில் நானும் சிலம்பம் பழகினேன். எட்டாம் மாதம் சலிப்புற்றுக் கம்பைச் சுவரில் சாய்த்தேன், பின்னர் எடுக்கவேயில்லை. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஏக்கம் நாற்பதைக் கடந்த இவ்வயதிலும் தீரவில்லை.

உங்கள் இல்லத்திலும் மெல்லக் கற்கும் பிள்ளை இருக்கலாம். இன்று மாலை அவன் வீடு திரும்பியதும், "இன்று எதைத் திருத்தினாய்?" என்று அன்போடு கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.