உரையாடலின் மறுபாதி

மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் ஆங்கிலம் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கி வந்திருந்தாலும், அங்கு உழைத்த மக்களோடு அது உரையாடியது மிக அரிது. ஹட்டன் நகரில் நடைபெறும் ஆங்கிலப் பேச்சு வகுப்புகளின் பயனை எடைபோடுவோர் முதலில் கருத வேண்டியது இந்த வரலாற்றையே. தோட்டத் தமிழில் கலந்துள்ள ஆங்கிலச் சொற்களே இதற்குச் சான்று. வரிசைக் குடியிருப்பைக் குறிக்கும் ‘லயம்’ ஆங்கிலத்தின் ‘லைன்’ என்பதிலிருந்தும், விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்தி வேலை பிரிக்கும் ‘பெரட்டு’ படையணி வகுப்பைச் சுட்டும் ‘பரேட்’ என்பதிலிருந்தும் வந்தவை. வருகையையும் கூலியையும் பதியும் பேரேடு இன்றும் ‘செக்ரோல்’ என்றே வழங்குகிறது. நிறுத்துவதற்கும் எண்ணுவதற்கும் அடைப்பதற்குமான பெயர்கள் இவ்வாறு லயங்களுக்குள் வந்து சேர்ந்தன; நலம் விசாரிக்கவும், ஐயம் கேட்கவும், மறுத்துப் பேசவும் உதவும் சொற்கள் வரவில்லை. வேலைத்தளத்தில் காதில் விழுந்த மொழியை மக்கள் தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்த மொழியில் பேச அவர்களை யாரும் அழைக்கவில்லை.

எதிர்த்திசையில் நடந்த மொழிக்கல்வியையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த இளம் துரைமார், தமிழ் தெரியாமல் தோட்டத்தை நடத்த முடியாது என்பதால், அதைக் கைந்நூல்களின் துணையோடு கற்றார்கள். ‘சின்னதுரை’ எனப்பட்ட உதவி முகாமையாளருக்காக ஏ. எம். பெர்குசன் எழுதிய சட்டைப்பை வழிகாட்டியின் பெயர் ‘இங்கே வா’ என்பதாகும்; 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் வெளியிட்ட மற்றொரு நூலோ, தமிழையே ‘கூலித் தமிழ்’ என்று தலைப்பில் அழைத்தது. ‘வாருங்கள்’ என்னும் மரியாதைப் பன்மை இடம்பெறாத, ஏவல் ஒருமையில் அமைந்த அந்த முதல் தலைப்பு, மொழி எதற்காகக் கற்கப்பட்டது என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. துரை கற்றது கட்டளையிடும் பாதியை. தொழிலாளிக்கு எஞ்சியது கேட்டு நடக்கும் பாதி. இரண்டுக்கும் இடையில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் நின்றார்கள். அதே காலத்தில் ‘கங்காணி’, ‘துண்டு’ ஆகிய தமிழ்ச் சொற்கள் இலங்கையின் ஆங்கில நிர்வாக மொழிக்குள் நுழைந்தன. தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவரை விடுவிக்கும் சீட்டே துண்டு. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரு மொழிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியபோதுகூட, வாங்கிய சொற்களில் கடனும் காவலுமே மிகுந்திருந்தன.

தோட்டப் பிள்ளைகளின் கல்வி குறித்து 1907, 1920 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் தாய்மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் விட்டன. ஆங்கிலம் நகரத்து மிஷன் பாடசாலைகளில் இருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் மைல்களால் மட்டும் அளக்கக்கூடியதாக இருக்கவில்லை.

ஆயினும் ஆங்கிலக் கல்வியின் இலங்கை வரலாறு ஹட்டனுக்கு அந்நியமானதன்று. ஹட்டன் பகுதியிலுள்ள பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறையில் துயில்பவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் ஹே கமரூன். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிப்படையான கோல்புரூக் – கமரூன் ஆணைக்குழுவின் இருவருள் அவர் ஒருவர். ஆங்கிலத்தை இந்நாட்டில் ஆட்சிக்கும் பதவிக்கும் உரிய மொழியாக நிலைநிறுத்தியதில் அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளுக்குப் பெரும் பங்குண்டு. தமது முதுமையில் தோட்ட உரிமையாளராகவே இங்கு வந்து, 1880இல் அவர் காலமானார். அவருடைய கல்லறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைகளுக்குத்தான் அவர் விதைத்த மொழி கடைசிவரை போய்ச் சேரவில்லை.

இந்த வேலியைத் தாண்டியவர்களில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தம் மக்களின் வாழ்வைத் தமிழில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் எழுதினார். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் அவருடைய நெடும்பாடலைச் சக்தி பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். இதே சி.வி.தான் லயங்களில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டியவர் என்பது தற்செயலானதன்று. ஆங்கிலத்தில் சொல்வதற்கு அவரிடம் சொந்தச் செய்தி இருந்தது. அச்செய்தியின் பலமே அவருடைய ஆங்கிலத்தின் பலமும் ஆனது.

இன்றைய பேச்சு வகுப்புகளில் காணும் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. விடுதியிலும் கடையிலும் அழைப்பு நிலையத்திலும் வேலை தேடும் இளைஞருக்கு, வரவேற்பதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் நன்றி சொல்வதற்குமான வாக்கியங்களை மனனம் செய்விப்பது உடனடிப் பயன் தரக்கூடும். குடும்பத்தின் வறுமை அறிந்தவர் எவரும் அதைக் குறைத்து மதிப்பிட மாட்டார். ஆனால் அவ்வாக்கியங்கள் எல்லாமே பதில் சொல்பவரின் வாக்கியங்கள். பெரட்டுக் களத்தில் பாட்டன் ஏற்ற அதே பாதியைப் பேரன் இன்னொரு மொழியில் ஏற்கிறான். தவறாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற அச்சம் வேறு நாவைக் கட்டுகிறது. சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள், என்று பெயரிட்டதும் அந்த வெட்டுக்காயத்தை உணர்ந்துதான்.

உரையாடல் வழியாக மொழி கற்பதென்றால், பேசுவோர் இருவரிடமும் மற்றவர் அறியாத ஒன்று இருக்க வேண்டும். ஹட்டன் மாணவரிடம் அது ஏராளமாக இருக்கிறது. ‘கிளென்கேர்ன்’, ‘ஸ்ட்ராத்ஸ்பே’ ஆகிய தோட்டப் பெயர்களில் வரும் ‘கிளென்’ குறுகிய பள்ளத்தாக்கையும் ‘ஸ்ட்ராத்’ அகன்ற பள்ளத்தாக்கையும் குறிக்கும் ஸ்கொட்லாந்து கேலிக் மொழிச் சொற்கள். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் தேய்ந்த அம்மொழியின் எச்சம் தமிழர் வாயில் தினமும் ஒலிக்கிறது. ‘பெக்கோ’ என்னும் தேயிலைத் தரத்தின் பெயர் அரும்பின் மீதுள்ள வெண்ணிறப் பூனைமயிரைச் சுட்டும் சீனச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தின் ‘டீ’யும் ‘தேயிலை’யின் ‘தே’யும் ஒரே சீன வேரின் கிளைகள். கொழுந்து பறிக்கும் தாயின் விரல்கள் அறிந்த அந்த அரும்பைப் பற்றி, மலைரயிலில் வரும் அயல்நாட்டவரிடம் மகள் விளக்கத் தொடங்கினால், அங்கே கேள்வி கேட்பவர் பயணியாகவும் அறிந்தவர் அவளாகவும் ஆகின்றனர். இலக்கணப் பிழையோடு அவள் பேசினாலும் அது உரையாடல்தான். பிழை பேசப் பேசத் திருந்தும்.

ஆகவே வகுப்பின் ஒரு நாளைப் பொகவந்தலாவைக் கல்லறையில் நடத்தலாம். கமரூனின் அருகே, 1879இல் மறைந்த அவருடைய மனைவி ஜூலியா மார்கரெட் கமரூன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற அந்தப் புகைப்படக் கலைஞர் இலங்கையில் எடுத்த படங்களில் உழைக்கும் மக்களும் இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. செக்ரோலில் ஒரு நாள் வேலையே ‘பேர்’ என்றும், கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ என்றும் வழங்கும் மண்ணில் வளர்ந்த மாணவி, அப்படங்களுள் ஒன்றிலுள்ள பெண்ணின் பெயர் என்ன, அது ஏன் எழுதப்படவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். கேள்வி எழுப்பும் வாக்கிய அமைப்பைப் பயில்வதற்கு அதைவிடப் பொருத்தமான பாடம் மலைநாட்டில் வேறில்லை.